கம்பி அறுந்த வேளையில்

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்து, மன்னார்க் கரையையும் தாக்கிற்று. தந்திக் கம்பிகள் அறுந்தமையால் அழிவுச் செய்தி உடனே வெளியே எட்டவில்லை.

கம்பியை நம்பாத வழியும் உண்டு. தக்க சிற்றலையை மேல்நோக்கிச் செலுத்தினால், வானிலுள்ள அயனி மண்டலம் அதனைத் திருப்பி நிலத்துக்கு அனுப்பும். மன்னாரிலிருந்து ஏறத்தாழ 230 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கொழும்புடன் இவ்வாறு பேசலாம். சிறு வானொலிக் கருவியும், மோட்டார் வண்டி பாட்டரியும், வான்கம்பியும் போதும்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, ஊதியம் கருதாத அமெச்சூர் வானொலியாளர்கள் அம்பாந்தோட்டையைக் கொழும்போடு சிற்றலையால் இணைத்தனர்.

புயலன்று கருவியைத் தேடிப் பயனில்லை. அமைதியான நாளிலேயே உரிமம் பெற்று, சுருங்கச் சொல்லப் பயின்றவரே ஆபத்தில் உதவுவர். பாலங்களை நம்பியிருக்கும் மன்னார்த் தீவுக்கு அத்தகையோர் கலங்கரை விளக்கம் போன்றவர்.