நிராகரிப்பின் அச்சத்தை அளவிடுதல்: ரஷ்ய மொழியில் எழும் சிக்கல்கள்

ஒருவரிடம் உதவி கேட்டு அவர் மறுத்துவிட்டால், சிலர் அதனை அன்றே மறந்து விடுகின்றனர். வேறு சிலரோ கேட்பதற்கு முன்னரே மறுப்பை எதிர்பார்த்து மனம் குமைகின்றனர். பதில் சற்றுத் தாமதித்தாலே தாம் ஒதுக்கப்பட்டதாக முடிவு செய்து விடுகின்றனர். இவ்வியல்பையே உளவியலாளர்கள் நிராகரிப்பு மீதான கூருணர்வு என்கின்றனர்.

இதனை அளவிடுவதற்கென அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரால்டின் டவுனி, ஸ்கொட் ஃபெல்ட்மன் ஆகியோர் 1996 இல் வெளியிட்ட வினாக்கொத்தே இன்றளவும் பரவலாகப் பயன்படுகின்றது. அது 18 சந்தர்ப்பங்களைக் கொண்டது. மாணவர்களை மனதிற்கொண்டு ஆக்கப்பட்டது. வளர்ந்தோருக்கென 9 சந்தர்ப்பங்கள் கொண்ட வடிவம் 2009 இல் வெளியாயிற்று.

ஒவ்வொரு சந்தர்ப்பத்திற்கும் இரு வினாக்கள் உண்டு. மறுக்கப்படுவோமோ என்ற பதற்றம் எவ்வளவு? ஏற்றுக்கொள்ளப்படுவோம் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு? இரண்டிற்கும் 1 முதல் 6 வரை புள்ளியிடவேண்டும். இரண்டாவது புள்ளியை 7 இலிருந்து கழித்து, எஞ்சுவதை முதலாவதால் பெருக்குகின்றனர். பதற்றம் 5, ஏற்பு எதிர்பார்ப்பு 2 எனின் பெறுபேறு 25. அதே எதிர்பார்ப்புடன் பதற்றம் 1 மட்டுமே எனின் பெறுபேறு 5 தான். மறுப்பு வரும் என்று தெரிந்தும் அதைப் பொருட்படுத்தாதவரைக் கூருணர்வு மிக்கவராகக் கொள்ளலாகாது என்பதனாலேயே இவ்விரண்டையும் கூட்டாமல் பெருக்குகின்றனர்.

இவ்வினாக்கொத்தை ரஷ்ய மொழி பேசுவோரிடம் கொண்டுசெல்லும்போதுதான் உண்மையான சிக்கல் எழுகின்றது. படிப்பு முடிந்து வேலை கிடைக்காத நிலையில், சிறிது காலம் வீட்டில் தங்கலாமா எனப் பெற்றோரிடம் கேட்பது முதல் வடிவத்திலுள்ள ஒரு சந்தர்ப்பம். வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருடன் ஒரே வீட்டில் வாழ்வது வழமையாக உள்ள சமூகத்தில் இக்கேள்வி எவரையும் பதறச் செய்யப்போவதில்லை. சொற்கள் சரியாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தாலும் அளவுகோல் அங்கே ஊமையாகி விடும்.

சொற்களும் எளிதில் வழிவிடுவதில்லை. ரஷ்ய மொழியில் 'அபீதா' என்றொரு சொல் உண்டு. நெருங்கியவர் தம்மை நியாயமின்றி நடத்தியதால் எழும் வேதனையை அது குறிக்கும். நமது 'மனத்தாங்கல்' அதற்கு ஓரளவு நெருங்கி வரும். ஆனால் அது நடந்துவிட்ட ஒன்றைப் பற்றிய வேதனை. வினாக்கொத்து தேடுவதோ நடக்கவிருப்பதைப் பற்றிய அச்சம். எளிதில் மனம் நோவதைத் தனிமனிதரின் குறையாகப் பார்க்கும் சொற்கள் மொழிபெயர்ப்பில் நுழைந்துவிட்டால், வெட்கத்தினால் பலர் புள்ளியைக் குறைத்தே இடுவர்.

ஆகவே ரஷ்ய வடிவத்தை வேறொருவர் மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்த்து மூலத்துடன் ஒப்பிடுதல், சில வாரங்களின் பின் அதே நபர்களிடம் மறுபடி வினவுதல், தன்மதிப்பு போன்ற பிற அளவீடுகளுடன் பொருத்திப் பார்த்தல் ஆகியன தவிர்க்கமுடியாதவை. சோவியத் ஆட்சி 1936 ஜூலை 4 ஆம் திகதிய தீர்மானத்தின் மூலம் பாடசாலைகளில் உளவியல் சோதனைகளை நிறுத்தியது என்பதையும், மொஸ்கோ, லெனின்கிராட் பல்கலைக்கழகங்களில் உளவியல் பீடங்கள் 1966 இலேயே உருவாயின என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம்.

ரஷ்ய மொழி பேசுவோர் அனைவரும் ரஷ்யாவில் வாழ்பவர்களும் அல்லர். ஜேர்மனியிலோ இஸ்ரேலிலோ குடியேறிய ஒருவர், வாடகைக்கு வீடு கேட்டால் மறுக்கப்படுவேன் என அஞ்சுவாராயின், அது அவரது மனத்தின் கூருணர்வா, பட்டறிவா? கறுப்பின அமெரிக்கர்கள் தமது இனம் காரணமாக எதிர்பார்க்கும் நிராகரிப்பை அளவிட 2002 இல் தனியானதொரு வினாக்கொத்து வெளியானமைக்கு இத்தகைய ஐயமே வழிவகுத்தது. குடியேறியோரிடம் பொது வடிவத்தை மட்டும் கொடுத்துப் பெறும் உயர்ந்த புள்ளியை ஆளுமைக் குறைபாடாக வாசிப்பதை நாம் ஏற்பதற்கில்லை.