பக்கவாசல் வழியே வரும் விளையாட்டுகள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் முன்பெல்லாம் சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவார்கள். சென்ற ஆண்டு என் மைத்துனர் கொண்டுவந்தது ஒரு வி.ஆர். ஹெட்செட். 'மெட்டா குவெஸ்ட் 3எஸ்' என்று பெயர். கண்ணை மூடினாற்போல் மாட்டிக்கொண்டால், கூடத்தில் நின்றபடியே வேறோர் உலகத்தில் உலவலாம்.

ஒரு மாதம் சென்றதும், ஒன்பதாவது படிக்கும் என் மகன் கேட்டான்: "அப்பா, எங்க கிளாஸ் பையன் கடையில குடுத்து ஐம்பது கேம் ஏத்திக்கிட்டு வந்திருக்கான். ரெண்டாயிரம் ரூபாதான். நாமளும் குடுக்கலாமா?"

"கூடாது" என்றேன். "ஏன்?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்துப் படித்துப் பார்த்ததில், நான் சொன்னது பாதிதான் சரி என்று புரிந்தது. நம் சங்கத்து அன்பர்கள் சிலர் வீட்டிலும் இதே கேள்வி எழுந்திருப்பதால், தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பக்கவாசல் என்பது என்ன?

குவெஸ்ட் ஹெட்செட் அடிப்படையில் ஓர் ஆண்ட்ராய்டு கருவி. நம் கைபேசிக்கு ஒன்றுவிட்ட தம்பி. இதற்கான செயலிகளை மெட்டா நிறுவனத்தின் கடையிலிருந்து இறக்கிக்கொள்வது தலைவாசல் வழி. கடையைத் தொடாமல், 'ஏ.பி.கே.' என்னும் கோப்பை நாமே கணினி மூலம் ஏற்றுவது பக்கவாசல் வழி. இதைத்தான் 'சைட்லோடிங்' என்கிறார்கள்.

பக்கவாசல் என்றதும் திருட்டு வழி என்று எண்ணிவிட வேண்டாம். அதைத் திறக்கும் வசதியை மெட்டாவே வைத்திருக்கிறது. செயலி எழுதுகிறவர்கள் தங்கள் படைப்பைச் சோதித்துப் பார்க்க அது தேவை. ஓர் உதாரணம்: கணினித் திரையை ஹெட்செட்டுக்குள் காட்டும் 'வர்ச்சுவல் டெஸ்க்டாப்' என்ற செயலியில், கணினியிலுள்ள வி.ஆர். விளையாட்டுகளை ஆடும் வசதி ஒன்று இருந்தது. 2019-இல் அதை நீக்கச் சொன்னது கடை. செயலியை எழுதியவர் அந்த வசதியைப் பக்கவாசல் வழியே கொடுத்தார். காசு கொடுத்துச் செயலியை வாங்கியவர்கள் பயன்படுத்தினார்கள். 2021-இல் கடையே அதை அனுமதித்துவிட்டது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

எது சட்டப்படி சரி?

ஆக, எந்த வாசல் என்பது கேள்வியல்ல. உள்ளே வரும் பொருள் யாருடையது என்பதே கேள்வி. கூகுள் நிறுவனம் 'டில்ட் பிரஷ்' என்ற முப்பரிமாண ஓவியச் செயலியின் மூல நிரலை 2021-இல் பொதுவில் வெளியிட்டது. அதைக் கொண்டு ஆர்வலர்கள் உருவாக்கிய 'ஓப்பன் பிரஷ்' இலவசம். யாரும் ஏற்றிக்கொள்ளலாம்.

'குவேக்' என்ற பழைய விளையாட்டின் கதை சற்று நுட்பமானது. அதை இயக்கும் நிரலை அதன் நிறுவனம் 1999-இல் பொதுவில் விட்டுவிட்டது. ஆனால் முழு விளையாட்டின் படங்கள், ஒலிகள், களங்கள் ஆகியவற்றின் உரிமையை விடவில்லை. ஆகவே ஹெட்செட்டுக்காக ஆர்வலர்கள் எழுதிய வடிவத்தை இலவசமாக ஏற்றலாம். முழு விளையாட்டுக்கான கோப்புகள் நாம் விலை கொடுத்து வாங்கியவையாக இருக்க வேண்டும். தோசைக்கல் இலவசம், மாவு நம்முடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் ஏற்றித்தரும் ஐம்பது விளையாட்டுகளோ விலைக்கு விற்கப்படுபவற்றின் திருட்டுப் பிரதிகள். நமது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு மென்பொருளைத் தெரிந்தே பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வியாபார நோக்கமின்றிப் பயன்படுத்தியிருந்தால், தக்க காரணம் காட்டி நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு நிறுத்தலாம். அபராதம் மட்டும் என்றாலும், குற்றம் குற்றமே.

செய்யும் முறை

1. முதலில் கடையிலேயே தேடுங்கள். சோதனை நிலையிலுள்ள செயலிகளுக்கென இருந்த 'ஆப் லேப்' என்ற தனிப்பகுதி 2024-இல் பொதுக் கடையோடு இணைந்துவிட்டது. பக்கவாசலே தேவைப்படாமல் போகலாம்.

2. தேவைப்பட்டால், பெற்றோரின் கணக்கைக் கொண்டு மெட்டாவின் தளத்தில் 'டெவலப்பர்' எனப் பதிவு செய்யுங்கள். பிறகு கைபேசியிலுள்ள மெட்டா ஹொரைசன் செயலியில், ஹெட்செட் அமைப்புகளுக்குள் 'டெவலப்பர் மோட்' என்பதை இயக்குங்கள்.

3. ஹெட்செட்டை யு.எஸ்.பி. கேபிளால் சொந்தக் கணினியோடு இணையுங்கள். 'இந்தக் கணினியை அனுமதிக்கலாமா?' என்ற கேள்வி ஹெட்செட்டுக்குள் தோன்றும். அனுமதி கொடுங்கள்.

4. 'சைட்குவெஸ்ட்' போன்ற மென்பொருளின் மூலம் கோப்பை ஏற்றுங்கள். ஏற்றிய செயலி, ஹெட்செட்டின் பட்டியலில் 'அன்னோன் சோர்சஸ்' என்ற பிரிவில் இருக்கும்.

5. வேலை முடிந்ததும் டெவலப்பர் மோடை அணைத்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியவை

கடையின் சோதனை பக்கவாசலில் கிடையாது, காவல்காரர் நாம்தான். செயலியை எழுதியவரின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் கோப்பை எடுங்கள். விலையுள்ள விளையாட்டு ஓரிடத்தில் மட்டும் இலவசமாகக் கிடைத்தால், அங்கே சந்தேகப்படுங்கள். ஓவியச் செயலி மைக்கைக் கேட்டால், எதற்கு என்று யோசியுங்கள். நம் அறையின் அமைப்பையும் அளவையும் அறியும் கருவி இது என்பதை மறக்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஹெட்செட்டைக் கடைக்காரரிடம் கொடுக்கும்போது அதிலுள்ள கணக்கையும் கொடுத்துவிடுகிறோம். வாங்குவதற்காகப் பதிந்து வைத்த வங்கி அட்டையும் அதோடு இணைந்திருக்கிறது. வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்துவிட்டு, பூட்டு நல்ல பூட்டு என்று சொல்லிப் பயனில்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் 'ஃபேக்டரி ரீசெட்' செய்து, கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிடுவது நல்லது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகனும் உட்கார்ந்து ஓப்பன் பிரஷை ஏற்றினோம். அது கடையிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. பழகுவதற்காகத்தான் இந்த வழி. முதல் இரண்டு முறை கேபிள் சரியில்லை. மூன்றாம் முறை ஏறியது. முதலில் அதை மாட்டிக்கொண்டவள் சின்னவள். கூடத்தின் நடுவில் நின்று காற்றிலே புள்ளி வைத்துக் கோலம் போட்டாள்.

அன்றிரவு மகன் தன் நண்பனுக்குப் போன் செய்து, "உன் அப்பா கார்டு அதுல இருக்கா, பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். "கூடாது" என்ற என் ஒற்றைச் சொல் அந்த நண்பன் வீடு வரைக்கும் போயிருக்காது. பிள்ளைகள் 'ஏன்' என்று கேட்டால், தெரியாததைத் தெரிந்துகொண்டு வந்தாவது பதில் சொல்லுவோம்.