வலி போன பிறகுதான் வைத்தியம்

1962இல் ஜேம்ஸ் ஃபேர்ஸ், டேனியல் மெக்கார்ட்டி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் துணிச்சலான ஒரு சோதனையைச் செய்து பார்த்தார்கள். யூரிக் அமிலத்தின் சோடியம் உப்பைப் படிகமாக்கி, அந்தப் படிகங்களை ஊசி வழியாகத் தங்கள் சொந்த முழங்கால் மூட்டுக்குள்ளேயே ஏற்றிக்கொண்டார்கள். சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கியது. வலி உச்சத்துக்குப் போனது. கவுட் என்ற மூட்டு நோயின் வேதனை இரத்தத்தில் கரைந்து ஓடும் யூரிக் அமிலத்தால் வருவதில்லை, அது மூட்டில் படிகமாக இறங்குவதால்தான் வருகிறது என்பது அந்த முழங்கால்களில் நிரூபணமானது.

அதற்கு முந்தைய ஆண்டுதான் மெக்கார்ட்டியும் ஜோசப் ஹாலண்டரும் நோயாளிகளின் மூட்டு நீரை முனைவாக்க ஒளி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அந்தப் படிகங்களை அடையாளம் காட்டியிருந்தார்கள். இரண்டு முனையும் கூர்மையான மெல்லிய ஊசிகள். ஒரு திசையில் கிடந்தால் மஞ்சளாகவும், அதற்குக் குறுக்காகக் கிடந்தால் நீலமாகவும் மின்னும். பல ஊசிகள் வெள்ளை அணுக்களைக் குத்தித் துளைத்தபடி நிற்கும். நோயை உறுதி செய்ய இன்றும் இதைவிட நம்பகமான வழி கிடையாது.

நோய் வந்தவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். இரவு நன்றாகத்தான் படுத்தார். விடியுமுன் இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ கால் பெருவிரலின் அடிமூட்டு தீயில் வைத்ததுபோல் எரிய, விழித்துக்கொண்டார். தோல் பளபளவென்று சிவந்திருக்கிறது. போர்வை பட்டால்கூட உயிர் போகிறது. பக்கத்தில் யாராவது அழுத்தி நடந்தால், அந்தத் தரை அதிர்வே வலிக்கிறது. பார்ப்பவர்களுக்கு மிகையாகத் தோன்றும். மிகையே இல்லை. பிரசவ வலியையும் கவுட் வலியையும் பார்த்த பெண்கள் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதுண்டு.

ஏன் பெருவிரல்? உடலின் வழக்கமான வெப்பத்தில் ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராம் வரைதான் யூரிக் அமில உப்பு கரைந்து நிற்கும். அதைத் தாண்டினால் படிய இடம் தேடும். கால் நுனி உடலின் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்தது. குளிர்ந்தால் கரைதிறன் இன்னும் குறையும். பாகு ஆற ஆற நூலில் கற்கண்டு பூப்பதைப் போன்றதுதான் இது. ஆல்ஃபிரட் பேரிங் கேரட் என்ற லண்டன் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டில் இதைக் கண்ணெதிரிலேயே காட்டினார். கவுட் நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் கொஞ்சம் அமிலம் விட்டு, ஒரு நூல் இழையைப் போட்டு வைத்தார். இழை முழுவதும் யூரிக் அமிலப் படிகங்கள் ஒட்டின.

எலிக்கும் நாய்க்கும் இந்தத் தொல்லை இல்லை. யூரிக் அமிலத்தைச் சிதைத்து எளிதில் கரையும் பொருளாக்கும் யூரிகேஸ் என்ற நொதி அவற்றுக்கு உண்டு. மனிதனுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் முன்னோரான உயிரினத்தில் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த மரபணு பழுதாகிவிட்டது. நம் ஒவ்வொருவர் உடலிலும் அது இன்னமும் செயலற்றுக் கிடக்கிறது. எனவே வெளியேற்றும் வேலை முழுக்கச் சிறுநீரகத்தின் மேலும் குடலின் மேலும் விழுகிறது. கவுட் வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சிக்கல் அங்கேதான்: அதிகமாக உற்பத்தியாவதைவிட, போதுமான அளவு வெளியேறாததே காரணம். பிறவியிலேயே சிலரின் சிறுநீரகம் யூரிக் அமிலத்தை இறுக்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில நீர்ப்போக்கி மாத்திரைகளும் அதே வேலையைச் செய்யும். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜன் காவல் இருக்கிறது. நின்ற பிறகு அவர்களுக்கும் வரும்.

படிகம் தானே குத்தி வலிக்க வைப்பதில்லை. அதை விழுங்கப் பார்க்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள் உள்ளிருக்கும் ஓர் அபாயச் சங்கை ஊதுகின்றன. யூர்க் சாப் குழுவினர் 2006இல் அதைக் கண்டறிந்தார்கள். அந்த ஒலி கேட்டதும் இன்டர்லூக்கின்-1 என்ற வேதிப்பொருள் பெருக, லட்சக்கணக்கான வெள்ளை அணுக்கள் ஒரு சிறிய மூட்டுக்குள் திரண்டு வந்து இறங்குகின்றன. ஓரிரு வாரத்தில் அந்தக் கலவரம் தானாகவே அடங்கிவிடும். மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் அடங்கும்.

இந்த நோய் ஆளை ஏமாற்றுவது இங்கேதான். வலி போனதும் நோயும் போய்விட்டது என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். படிகங்களோ மூட்டுக்குள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, மேலும் சேர்கின்றன. இரண்டாவது தாக்குதல் ஓர் ஆண்டு கழித்து வரலாம். அடுத்தது ஆறு மாதத்தில். பிறகு கணுக்கால், முழங்கால், விரல்கள் என்று பரவும். பல ஆண்டு கழித்துக் காது மடலிலும் முழங்கையிலும் சுண்ணாம்புக் கட்டிபோல வெள்ளை முடிச்சுகள் எழும், எலும்பை அரிக்கும். வலிக்கும் பத்து நாளில் மட்டும் வைத்தியம் பார்த்து, வலிக்காத மீதி நாட்களை விட்டுவிடுவதால் வரும் வினை இது. தடுத்திருக்கக்கூடிய வினை என்பதுதான் என் ஆற்றாமை.

தாக்குதல் நேரத்தில் என்ன செய்யலாம் என்பதில் பெரிய குழப்பம் எதுவும் இல்லை. சீக்கிரம் தொடங்க வேண்டும், அதுதான் முக்கியம். காலை உயர்த்தி வைத்து, துணியில் சுற்றிய ஐஸை வைத்து வைத்து எடுக்கலாம். இங்கே பலர் தைலம் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார்கள். கவுட்டுக்கு ஆய்வில் பலன் தெரிந்தது ஐஸுக்குத்தான். அழற்சி குறைக்கும் வலி மாத்திரை, ஸ்டீராய்டு, கால்சிசின் ஆகிய மூன்றில் எது யாருக்குப் பொருந்தும் என்பதைச் சிறுநீரகமும் சர்க்கரையும் வயிற்றுப் புண்ணும் தீர்மானிக்கும். மருந்துக் கடையில் "கால் வீக்கத்துக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்கிப் போடும் வலி மாத்திரை, ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கக்கூடும். காய்ச்சலோடு ஒரே மூட்டு வீங்கினால் அது கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். அதைக் கவுட் என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது.

கால்சிசின் என்ற மருந்துக்கு நம் மண்ணோடு உறவு உண்டு. ஐரோப்பாவில் அது ஒருவகை இலையுதிர்காலக் குரோக்கஸ் செடியின் கிழங்கிலிருந்து வந்தது. 1820இல் பெல்லெட்டியே, கவான்தூ என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். அதே பொருள் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. திருப்பூர் மாவட்டத்தின் மூலனூர், தாராபுரம் பக்கமும், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரத்திலும் இதைக் கண்வலிக் கிழங்கு என்பார்கள், விதைக்காகவே பயிரிடுகிறார்கள். கொடியைப் பந்தலில் ஏற்றி விடுகிறார்கள். இந்தப் பூவின் சூல்தண்டு மகரந்தப் பைகளுக்கு எட்டாமல் ஒரு பக்கமாக மடங்கி நிற்கும். பூச்சியை மட்டும் நம்பினால் காய் குறைவாகவே பிடிக்கும் என்பதால், காலை வேளையில் ஆட்கள் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கிறார்கள். அந்த விதைகள் மருந்துக்காக ஏற்றுமதியாகின்றன. உலகின் எங்கோ ஒரு மூலையில் நள்ளிரவில் விழித்துக்கொண்டு மாத்திரையைத் தேடுபவருக்கும் மூலனூர்க்காரர் ஒருவரின் காலைப் பொழுதுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

அதே செடி கொடிய விஷம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. முன்பெல்லாம் வலி போகும்வரை அல்லது பேதி ஆகும்வரை மணிக்கு ஒரு மாத்திரை கொடுப்பார்கள். 2010இல் வெளியான ஓர் ஆய்வு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: ஒரு மணி நேரத்துக்குள் மொத்தம் 1.8 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும், ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கும் வலி குறைந்தது ஏறக்குறைய ஒரே அளவுதான். பேதி மட்டும் இரண்டாவது கூட்டத்தில் மூன்று மடங்குக்கு மேல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

இனி சாப்பாடு. கல்யாணப் பந்தியில் யாராவது "சாம்பார் வேண்டாம், யூரிக் ஆசிட்" என்று கையை மறித்தால் எனக்கு மனசு சங்கடப்படும். உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் பருப்பு, கீரை, காளான், காலிபிளவர் எல்லாவற்றிலும் இருப்பது உண்மை. ஆனால் 2004இல் ஹியான் சோய் குழுவினர் 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் அதிகம் உண்டவர்களுக்குக் கவுட் கூடியது. பியூரின் மிகுந்த காய்கறிகளால் கூடவில்லை. பால் பொருட்களால் குறைந்தது. ஈரல், மத்தி, நெத்திலியைக் குறைப்பதில் நியாயம் இருக்கிறது. பீரை விடுவதில் இன்னும் பெரிய நியாயம். இனிப்புக் குளிர்பானமும் குற்றவாளிதான், ஆனால் அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை: சர்க்கரையில் பாதியாக உள்ள ஃபிரக்டோஸ் ஈரலில் சிதையும்போது யூரிக் அமிலம் பிறக்கிறது. உடல் எடையைக் குறைப்பது நல்லது, ஆனால் பட்டினி கிடந்து குறைத்தால் அந்தப் பட்டினியே தாக்குதலைக் கூப்பிடும்.

இத்தனையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாலும் பெரும்பாலோருக்கு யூரிக் அமிலம் ஒரு மில்லிகிராம் அளவே குறைகிறது. ஒன்பதில் இருப்பவர் எட்டுக்கு வருவார், படிகம் கரையாது. உடலில் உள்ள யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நம் சொந்தச் செல்கள் புதுப்பிக்கப்படும்போது உண்டாவது. தட்டில் இருந்து வருவது மீதிதான். வாயைக் கட்டாததால் வந்த நோய் என்று வீட்டார் குத்திக்காட்டுவதும், நோயாளி வெட்கப்பட்டு மறைப்பதும் அநியாயம்.

அளவை உண்மையாகவே இறக்குவது மருந்து. யூரிக் அமிலம் உண்டாகும் கடைசிப் படியைத் தடுக்கும் அலோபியூரினாலை உருவாக்கியவர்கள் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும். இரத்தப் புற்றுநோய் மருந்து ஒன்று உடலில் சீக்கிரம் சிதைந்துபோவதைத் தடுக்கத்தான் முதலில் பயன்படுத்தினார்கள். யூரிக் அமிலம் இறங்குவதைக் கண்டு கவுட்டுக்குத் திருப்பினார்கள். 1966இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1988இல் இருவருக்கும் நோபல் பரிசு. விலை குறைந்த பழைய மாத்திரை. 100 மில்லிகிராமிலோ அதற்கும் கீழேயோ தொடங்கி, இரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துக் கூட்டி, எண்ணை 6க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே நிறுத்த வேண்டும். 6க்குக் கீழே போனால் படிந்தது மெல்லக் கரைந்து வெளியேறும். காது மடல் முடிச்சுகூட ஆண்டுகள் கழித்துக் கரையும்.

நிறையப் பேர் கோட்டை விடும் கட்டம் ஒன்று இதில் இருக்கிறது. மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் தாக்குதல் அடிக்கடி வரலாம். கரையத் தொடங்கிய படிகங்கள் கலைந்து மறுபடி அணுக்களைச் சீண்டுவதால் அப்படி. "இந்த மாத்திரைதான் வலியைக் கொண்டுவந்தது" என்று அன்றோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் அது என்று யாரும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருப்பதில்லை. அதற்காகத்தான் மூன்று முதல் ஆறு மாதம் சிறு அளவில் கால்சிசினையும் கூடவே தருவது வழக்கம். உடனே நிறுத்த வேண்டிய முக்கிய அறிகுறி உடலில் தடிப்போ கொப்புளமோ எழுவது; அரிதாக அது உயிருக்கே ஆபத்தாகும், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகத்துக்காக அசாதியோபிரின் எடுப்பவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது.

மாஸ்டர் செக்அப் அறிக்கையில் 7.4 என்று தடித்த எழுத்தில் பார்த்துப் பதறுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாக்குதலோ முடிச்சோ சிறுநீரகக் கல்லோ இல்லாதவருக்கு, எண் மட்டும் கூடியிருந்தால் பொதுவாக மருந்து தேவையில்லை. மறுபக்கம், தாக்குதல் நடக்கும் நாளில் எடுத்த பரிசோதனை இயல்பான அளவைக் காட்டக்கூடும். அதை நம்பிக் கவுட் இல்லை என்று விட்டுவிடவும் கூடாது.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் மைக்கேல் டோஹர்ட்டி குழுவினர் 517 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான குடும்ப மருத்துவர் சிகிச்சை. மறுபாதியைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் பார்த்துக்கொண்டார்கள்: நோய் என்ன, படிகம் என்ன, எண் எதற்கு, முதல் மாதங்களில் வலி ஏன் வரும் என்று உட்கார்ந்து பேசினார்கள், மருந்தை மெதுவாகக் கூட்டினார்கள். புது மருந்து எதுவும் இல்லை. 2018இல் வந்த முடிவின்படி, இரண்டாண்டு கழித்து 6க்குக் கீழே வந்தவர்கள் செவிலியர் பக்கம் 95 சதவீதம். மற்றப் பக்கம் 30 சதவீதம்.

நம் ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் 2021 முதல் வீட்டு வாசலுக்கே வந்து இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை தருகிறார்கள். கவுட் நோயாளிகளில் பலர் இந்த இரண்டு பட்டியல்களில் ஒன்றிலாவது ஏற்கெனவே இருப்பவர்கள். அதே பையில் அலோபியூரினாலையும், அதே வருகையில் நாட்டிங்காம் செவிலியர்கள் பேசிய அந்தப் பத்து நிமிடப் பேச்சையும், ஆறு மாதத்துக்கு ஒரு யூரிக் அமிலப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளச் சுகாதாரத் துறை முன்வர வேண்டும்.