பருப்பில்லாத குழம்பு: பொய் எப்படி வேலை செய்கிறது?

சாம்பாருக்குப் பருப்பு, புளி, பொடி மூன்றும் வேண்டும். புளியை விட்டால் கூட்டாகிவிடும். பருப்பை விட்டால் வத்தக்குழம்பு. பொய்யையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். சொன்னது நடப்புக்கு மாறாக இருப்பது பருப்பு. அது உண்மையில்லை என்று சொல்கிறவருக்கே தெரிந்திருப்பது புளி. கேட்பவரை ஏமாற்ற நினைப்பது பொடி.

மூன்றும் இருந்தால் சந்தேகமில்லை. பணத்தை எடுத்துவிட்டு எடுக்கவில்லை என்பவன் சொல்வது பொய். புளியை எடுத்துவிடுங்கள்: ஒன்பது மணி பஸ் இன்னும் ஓடுகிறது என்று நம்பி ஒருவர் வழி சொல்கிறார், அது நின்று மாதமாகிறது. அவர்மேல் எரிச்சல் வரலாம். பொய்யர் என்று சொல்ல மாட்டோம். பொடியை எடுத்தால் நாடகம். ராஜா வேஷம் கட்டியவர் தன்னை மன்னன் என்றால் யாரும் ஏமாறுவதில்லை.

பருப்பை எடுத்தால்தான் சிக்கல்.

சாமுவேல் பிரான்ஸ்டன் ‘எல் சிட்’ படத்தின் தயாரிப்பாளர். கம்பெனியின் திவால் வழக்கில், 1966இல், கடன் கொடுத்தவர்கள் தரப்பு வக்கீல் அவரைச் சத்தியப் பிரமாணத்தில் வைத்து விசாரித்தார். சுவிஸ் பேங்குகளில் உங்களுக்குக் கணக்கு உண்டா? இல்லை. எப்போதாவது இருந்ததா? கம்பெனிக்கு ஆறு மாதம் போல ஸூரிக்கில் ஒரு கணக்கு இருந்தது என்றார் பிரான்ஸ்டன்.

அந்தப் பதிலில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனால் அவருடைய சொந்தப் பெயரிலேயே ஜெனீவாவில் ஏறக்குறைய ஐந்து வருஷம் கணக்கு இருந்தது. கேட்ட கேள்விக்குத்தான் பதில் வருகிறது என்று எவருடைய மனமும் தானாக எடுத்துக்கொள்ளும். கம்பெனியைச் சொன்னவர் தன்னைச் சொல்லாததால், தனக்கு இருந்ததில்லை என்று நாமே முடித்துக்கொள்கிறோம். பொய்யை அவர் சொல்லவில்லை, கேட்டவரையே சமைத்துக்கொள்ள வைத்தார்.

கீழ்க்கோர்ட்டில் தண்டனை கிடைத்தது. 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது. நழுவலான பதில் வந்தால் மடக்கிக் கேட்பது வக்கீலின் பொறுப்பு, சொல்லளவில் உண்மையானதைப் பொய்ச்சாட்சி ஆக்க முடியாது என்பது தீர்ப்பு. ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் இடத்தில் அந்தக் கண்டிப்பு சரிதான்.

கோர்ட்டுக்கு வெளியே கதை வேறு. 1981இல் லிண்டா கோல்மன், பால் கே என்ற மொழியியலாளர்கள் எட்டுக் குட்டிக் கதைகளைக் கொடுத்து எது பொய் என்று பலரிடம் கேட்டார்கள். மக்கள் அதிக எடை கொடுத்தது புளிக்கு, அடுத்துப் பொடிக்கு. பருப்புக்குத்தான் கடைசி இடம். ஏறக்குறைய 395ஆம் ஆண்டிலேயே கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டின் பொய்யைப் பேச்சில் தேடாமல் பேசுகிறவனின் மனசில் தேடினார். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

வீட்டுப்பாடம் பற்றி, “கணக்கு முடிச்சிட்டியா?” என்று அம்மா கேட்கிறாள். “அறிவியல் முடிச்சிட்டேம்மா” என்கிறான் பையன். அறிவியலை முடித்தது நிஜம். பிரான்ஸ்டனைக் கேட்டவருக்கு இன்னொரு கேள்வி கேட்பது தொழில்; அம்மாவுக்கு அது தொழிலில்லை. பிள்ளை சொன்னால் நம்பிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகிறவள். அவள் போய்விடுவாள் என்று தெரிந்துதான் அவன் அந்தப் பதிலைத் தேர்ந்தெடுத்தான்.