ஒண்டிக்கு ஒண்டி: நியூ கன்டம், சசாபி

நீங்கள் அண்ணாந்து பார்க்கும் இந்த இயந்திர வீரன் நியூ கன்டம். உயரம் 24.8 மீட்டர். இந்தச் சிலை ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் 2022-இல் நிறுவப்பட்டது.

யோஷியுகி டொமினோ இயக்கி 1988-இல் வெளிவந்த அனிமே திரைப்படத்தில் இதை ஓட்டுபவன் அமுரோ ரே. எதிரி, சிவப்பு நிற சசாபியை ஓட்டும் ஷார் அஸ்னபிள். ஆக்ஸிஸ் என்ற விண்கல்லைப் பூமிமேல் விழவைப்பது ஷாரின் திட்டம். ஆனாலும் சண்டை சமபலத்தில் நடக்க வேண்டும் என்று, சைக்கோ ஃபிரேம் தொழில்நுட்பத்தை அவனே எதிரித் தரப்புக்குக் கசியவிட்டான். ஓட்டுநரின் மனவோட்டத்தை இயந்திரத்துக்குக் கடத்தும் உலோகச் சட்டகம் அது.

சண்டையில் அமுரோ வென்றான். ஆனால் இரண்டாகப் பிளந்த ஆக்ஸிஸின் ஒரு பாதி பூமியை நோக்கிச் சரிந்தது. ஷார் சிக்கியிருந்த உருண்டையான ஓட்டுநர் அறையைப் பாறையில் பதித்துவிட்டு, நியூ கன்டம் தன்னந்தனியாக அந்தப் பாறையைத் தள்ளியது. பகைமை மறந்து இரு தரப்பு வீரர்களும் தோள்கொடுக்க வந்தார்கள். அப்போது சைக்கோ ஃபிரேமிலிருந்து பச்சை ஒளி பரவியது. உதவ வந்தவர்களை அது மெல்ல விலக்கியது. விண்கல்லையும் பூமியை நோக்கிய பாதையிலிருந்து திருப்பியது.

அந்த ஒளி என்ன, அமுரோவும் ஷாரும் என்ன ஆனார்கள் என்பதைப் படம் சொல்லவில்லை.

சிலையின் பின்புறம் சென்று முதுகிலுள்ள நீண்ட தகட்டைப் பாருங்கள். அதன் பெயர் ஃபின் ஃபனல்; கதைப்படி, எண்ணத்தாலேயே ஏவப்படும் ஆயுதம்.