மேசை வைன் என்று எழுதியிருந்த போத்தல்

அப்பாவின் 75ஆவது பிறந்தநாளுக்குத் தம்பி ஒரு போத்தல் கொண்டு வந்தான். எங்கட வீட்டு விருந்துகளில் போத்தல் என்றால் விஸ்கிதான். இது சிவப்பு வைன். லேபிளில் நீல வட்டம், அதற்குள் தங்க நட்சத்திரம், கீழே ‘சாசிக்காயா’ என்ற பெயர். விலையை அம்மாவுக்குக் கேட்காமல் என் காதில் சொன்னான்: இருநூறு பவுணுக்கு மேல்.

“உனக்கு விசராடா?” என்றுதான் முதலில் கேட்டேன். அன்றிரவு அந்த வைனைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கி, ஒரு மணி வரைக்கும் நித்திரை கொள்ளவில்லை.

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், கடற்கரைப் பக்கம் போல்கெரி என்று ஒரு சின்ன ஊர். அங்கேதான் தெனூத்தா சான் குவிதோ என்ற பெரிய தோட்டம் இருக்கிறது. கடலில் தொடங்கி மலைக்கு அப்பால் வரைக்கும் 13 கிலோமீற்றர் நீளம். அது மனைவி கிளாரிச்சே வழியில் வந்த சொத்து. மரியோ இன்சீசா தெல்லா ரொக்கெத்தா அந்த ஊருக்கு வந்த மாப்பிள்ளை. அவருக்குக் குதிரைகளிலும் பைத்தியம். ஓடிய 16 பந்தயங்களிலும் தோற்காத ரிபோ என்ற குதிரை அவர் பங்காளியாக இருந்த பண்ணையுடையது. 1956இல் அது இங்கே அஸ்கொட்டுக்கும் வந்து வென்றுவிட்டுப் போனது.

மரியோவுக்குப் பிடித்தது பிரான்சின் போர்தோ வைன். டஸ்கனியில் காலங்காலமாக வைப்பது சாஞ்சோவேசே திராட்சை. இவரோ 1944இல் பிரெஞ்சு இனமான கபர்னே சோவின்யோன் கொடியை நட்டார். நட்ட நிலம் முழுக்கக் கல்லு. சாசிக்காயா என்ற பெயரின் அர்த்தமே கல்லுப் பூமி என்பதுதான். அந்தக் கல்லு நிலம் போர்தோவின் கிராவ் பகுதியை ஒத்திருந்ததால்தான் அங்கே நட்டார்.

குடித்துப் பார்த்த சொந்தக்காரருக்கு அது பிடிக்கவில்லை. லேசான, உடனே குடிக்கிற வைனுக்குப் பழகிய நாக்குக்கு இது கடுமையாக இருந்தது. மனுஷன் கொடியைப் பிடுங்கவில்லை. 1948 முதல் 1967 வரை, வீட்டுக்கு மட்டும் என்று செய்துகொண்டே இருந்தார். நிலவறையில் கிடந்த பழைய போத்தல்களைத் திறந்தபோதுதான் வருஷம் போகப் போக அது நன்றாகிறது என்று தெரிந்தது. மகன் நிக்கோலோவும் மருமகன் பியேரோ அந்தினோரியும் வற்புறுத்தி, 1968ஆம் ஆண்டு வைனை முதன்முதலாகச் சந்தைக்கு அனுப்பினார்கள்.

அங்கேதான் சிக்கல். எந்த ஊரில் எந்தத் திராட்சையில் செய்தால் எந்தப் பெயர் போடலாம் என்று இத்தாலியில் சட்டம் இருக்கிறது. போல்கெரியில் கபர்னே சோவின்யோனில் செய்த சிவப்பு வைனுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. ஆகவே லேபிளில் ‘வீனோ த தாவொலா’ என்று போட்டார்கள். மேசை வைன். ஆகக் கீழ்ப்படி.

இதை வாசித்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். அதே வாரம்தான் மகளின் பள்ளிக்கூடப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். இந்தியர், பாகிஸ்தானியர், பங்களாதேசியர் எல்லாம் தாண்டி, கடைசியில் ‘வேறு ஏதேனும் ஆசியப் பின்னணி’ என்ற கட்டம். என் அம்மா எனக்குச் சரி போட்டதும் அதே கட்டத்தில்தான். மகள் எட்டிப் பார்த்து, “அம்மா, நாங்க ‘வேறு’வா?” என்று கேட்டாள். நான் சாப்பாட்டு மேசையைத் துடைக்கப் போய்விட்டேன்.

சாசிக்காயாவின் அதிர்ஷ்டம் லண்டனில் திறந்தது. 1978இல் டிகேன்டர் சஞ்சிகை உலகெங்குமிருந்து கபர்னே வைன்களை வரவழைத்து இங்கே ருசி பார்க்க வைத்தது. ஹியூ ஜான்சன் போன்ற பெயர் பெற்றவர்கள் நடுவர்கள். வென்றது 1972ஆம் ஆண்டு சாசிக்காயா. அதற்குப் பிறகும் இத்தாலியச் சட்டம் அவசரப்படவில்லை. 1994இல்தான் போல்கெரி என்ற பெயருக்குள் அதற்கு இடம் கிடைத்தது. 2013இல் ‘போல்கெரி சாசிக்காயா’ என்று அதற்கே அதற்கென ஒரு பெயர். ஒரேயொரு தோட்டத்துக்கென்று இத்தாலி இப்படிக் கொடுத்தது இதற்கு மட்டும்தான்.

ருசி பார்க்க இவ்வளவு செலவழிக்கத் தேவையில்லை. அதே தோட்டத்தின் குவிதல்பெர்த்தோ நிறைய மலிவு. ஒரு விஷயம்: எங்கட உறைப்புக் கறியோடு இந்த வகை வைன் சரிவராது. மிளகாய் உறைப்பு வைனைக் கசக்க வைக்கும். நான் அன்று மிளகு போட்டு ஆட்டிறைச்சிப் பிரட்டல் செய்தேன். வைனை இரண்டு மணித்தியாலம் முன்னதாகவே கண்ணாடி ஜக்கில் ஊற்றி வைத்தோம்.

அப்பா ஒரு மிடறு குடித்தார். முகம் சுளித்தார். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்ப எடுத்தார்.

“இப்ப பரவாயில்லை.”

கொடியின் கதையை மகள்தான் தாத்தாவுக்குச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, “உரும்பிராயில எங்கட வளவிலயும் முந்திரிகைப் பந்தல் நிண்டது பிள்ளை. அதுவும் எங்கேயோ இருந்து வந்த கொடிதான்” என்றார்.

“அதுக்கு என்ன பெயர், தாத்தா?”

“பெயரோ? நாங்கள் முந்திரிகை எண்டுதான் சொல்லுறது.”