வரைபடத்தின் மீது ஒரு குறிப்பு

திண்டுக்கல் மாவட்டத்துச் சின்னாளப்பட்டி, கைத்தறிச் சேலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். ஜக்கார்டு பொருத்திய கைத்தறியில் பூவேலைப்பாட்டை நெய்வதற்கு முன், அதனைக் கட்டமிட்ட தாளில் வரைவர். பாவு நூலும் ஊடை நூலும் எவ்வாறு குறுக்கிட வேண்டும் என்பதை ஒவ்வொரு கட்டமும் காட்டும். அதன்படியே அட்டைகளில் துளையிடுவர். ஒரு கட்டம் தவறினால், அப்பூ வரும் இடமெல்லாம் அத்தவறும் வரும். எனவே, தறியில் கண்ட பிழையை மூல வரைபடத்திலும் குறித்தாக வேண்டும்.

களமும் வரைபடமும்

கட்டடம், பாலம், குடிநீர்க் குழாய் ஆகியவற்றிற்கும் இது பொருந்தும். குழாய் பதிக்கத் தோண்டும்போது பாறை குறுக்கிட்டால், தடத்தை மாற்ற நேரும். அம்மாற்றம் வரைபடத்தில் ஏறாவிடில், பின்னாளில் அவ்விடத்தைத் தோண்டுபவர் அறியாமல் குழாயை உடைத்துவிடக்கூடும்.

மாற்றத்தை வரைந்தால் மட்டும் போதாது; அதனைச் சரிபார்க்கவும் வேண்டும். அமெரிக்காவின் கான்சாஸ் நகரில், ஹயாட் ரீஜென்சி விடுதியின் தொங்கு நடைபாதைகள் 1981 ஜூலை 17 அன்று இடிந்து விழுந்து 114 பேர் உயிரிழந்தனர். ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரு நடைபாதைகளையும் கூரையிலிருந்து இறங்கும் நீண்ட கம்பிகள் தாங்குவதாக முதலில் திட்டமிடப்பட்டிருந்தது. பின்னர் ஒவ்வொரு கம்பியும் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, கீழ் நடைபாதை மேல் நடைபாதையிலிருந்தே தொங்கவிடப்பட்டது. இதனால் மேல் நடைபாதையின் இணைப்புகள் தாங்கிய சுமை இருமடங்காயிற்று. பணிமனை வரைபடங்களில் அம்மாற்றம் இடம்பெற்றிருந்தும், சுமை மீண்டும் கணக்கிடப்படவில்லை.

கையில் ஒரு பலகைக் கணினி

இன்று பொறியாளர்கள் டேப்லெட் எனப்படும் பலகைக் கணினியில் வரைபடத்தைத் திறந்து, களத்தில் நின்றவாறே மின்பேனாவால் குறிப்பு எழுதுகின்றனர். மூல வரைபடம் மாறாதிருக்க, குறிப்பு அதன்மேல் தனி அடுக்காக அமைகிறது. எழுதியவர் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைப் பதிவுசெய்யலாம், ஒளிப்படத்தையும் இணைக்கலாம். இணைய வசதி கிடைத்ததும் அக்குறிப்பு அலுவலகத்தைச் சென்றடையும்.

குறிப்பின் பயன் அதன் தெளிவைப் பொறுத்தது. ‘இங்கே மாற்றப்பட்டது’ என்பது பிறர்க்கு உதவாது. ‘வடமேற்குத் தூணிலிருந்து 2 மீட்டர் கிழக்கே, பாறை இருப்பதால் குழாய் 30 செ.மீ. மேலே பதிக்கப்பட்டது’ என்பதே பயன்தரும் குறிப்பு. இடம், மாற்றம், காரணம், அளவு ஆகிய அனைத்தும் இதில் உள்ளன.

குறிப்பை விரைந்து கொண்டுசேர்ப்பது கருவியின் பணி. அதனைப் படித்து, கணக்கிட்டு, ஆராய்ந்து ஒப்பமிடுவது மனிதரின் கடமையாகும்.